ஆறு பேர் நிரம்பிய டேங்க்

வனஜா அத்தைக்குத் தும்மல் வந்துவிட்டது. அந்த நேரத்தில் நாங்கள் ஆறு பேரும் தண்ணீராக இருந்தோம்.

தண்ணீர் தும்மாது. இது அத்தைக்குத் தெரியும், அத்தையின் மூக்குக்குத்தான் தெரியவில்லை. அம்மா முந்தானையைச் சுருட்டி அத்தையின் முகத்தில் வைத்து அமுக்கினாள்.

“கம்முனு கெட மே. இன்னும் பன்னண்டு நிமிசம்.”

“நா இன்னா ஆசப்பட்டா தும்முறேன்? நெத்திலி நெடி மண்டைக்கு ஏறுதுடி.”

“தாங்கிக்க அத்தை, உன் கால்ல வேணா வுழறேன்,” என்றேன்.

“இங்க எங்கடி வுழுவ? எடம் கீதா?”

வெளியிலிருந்து பார்த்தால் அது பத்தாயிரம் லிட்டர் கறுப்புத் தண்ணீர் டேங்க். ஏழாம் பிளாக் மொட்டை மாடியில் கம்பீரமாக நிற்கிறது. உள்ளே மூங்கில், கயிறு, தார்ப்பாய், ஆறு பேர். நான், என் அம்மா தேசம்மா, அக்கா அனுசுயா, எதிர்வீட்டுப் பாக்கியம் அக்கா, கீழ்வீட்டு வனஜா அத்தை, இந்த டேங்க்கைக் கட்டிய பந்தல்கார டில்லி மாமா. எட்டாம் பிளாக் மாடியில் ஒரு இன்ஜினியர் மேடம் ஒரு பெட்டியைத் திறந்து வைத்து, எங்களைக் குறிபார்த்து அலை அனுப்பிக்கொண்டிருந்தார். அது எங்களைத் தாண்டி ஆறாம் பிளாக்கில் வைத்திருக்கும் இன்னொரு பெட்டிக்குப் போய்ச் சேரக் கூடாது. சேர்ந்தால் இந்த மாடி எங்களுக்கு இல்லை.

அப்போது பார்த்து என் போன் அடித்தது. அந்த மேடம்தான்.

“கண்ணு, எங்க போயிட்ட? குரல் என்ன குடத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குது?”

“டேங்க்... டேங்குக்குப் பக்கத்துல கீறேன் மேடம்.”

“சரி, குறுக்க வந்துராத. ரீடிங் அருமையா வருது.”

அத்தை தும்மினாள். முந்தானையைத் தாண்டி, தார்ப்பாயைத் தாண்டி, அநேகமாகத் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

“அதென்ன சத்தம்?”

“வால்வு மேடம்,” என்றேன். “காத்து அடைச்சிகிச்சு.”

டில்லி மாமா தன் கையைத் தானே கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

இதை எழுதும்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் தூக்கம் வரவில்லை. மணி ஒன்றரை. காலை ஒன்பது மணிக்குள் அந்த மேடத்துக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. நீங்கள் எங்கள் பிளாக் இல்லை, எங்கள் சொந்தம் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

தப்பை ஆரம்பித்தவள் நான்தான்.

காசிமேட்டில் துறைமுகத்தை ஒட்டி எங்கள் குடியிருப்பு. பன்னிரண்டு பிளாக். இங்கே புது நெட்வொர்க் வருகிறது. விளக்குக் கம்பத்துக்கு ஒரு பெட்டி, மாடிப்படிக்கு ஒரு பெட்டி என்று நெருக்கமாக வைக்கிறார்கள். எங்கே எதை வைப்பது என்று முடிவு செய்ய, கம்ப்யூட்டருக்குள் நம் ஊரைப் போலவே இன்னொரு ஊரைக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு நிழல் நகரம் என்று பெயர். அதில் மழை பெய்ய வைப்பார்கள். திருவிழா நடத்துவார்கள். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வீடியோ ஓட விட்டு, எந்தக் கம்பம் மூச்சுத் திணறுகிறது என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் நிஜத்தில் ஆணி அடிப்பார்கள்.

நிழல் நகரத்தில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் சேர்ப்பதற்கு, பிளஸ் டூ பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டார்கள். போனில் ஒரு ஆப். தெருவில் நடந்து மரம், பேனர், புதிதாக எழுப்பிய சுவர் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். எங்கள் பன்னிரண்டு பிளாக்குக்கும் நான்தான். சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அதில் என் பெயர் நிரோஷா என்பதைச் சரியாகவே போட்டிருந்தார்கள், அதுவே பெரிய விஷயம்.

பத்து நாளைக்கு முன்னால் ஒருவர் வந்து எங்கள் படிக்கட்டில் நோட்டீஸ் ஒட்டினார். ஏழாம் பிளாக் மொட்டை மாடியில் பெரிய மையக் கம்பம் வருகிறது. வருகிற திங்கட்கிழமை முதல் மாடிக்கு இரும்புக் கதவு, பூட்டு. யாரும் ஏறக் கூடாது.

அம்மா கையில் மீன் கூடையோடு நின்று அதைப் படித்தாள். அம்மாவும் இன்னும் எட்டுப் பெண்களும் கருவாடு காயப்போடுவது அந்த மாடியில்தான். முன்பெல்லாம் ரோட்டோரம் காயப்போட்டார்கள். லாரிப் புழுதி, மண், நாய். மண் கலந்த கருவாட்டை மொத்த வியாபாரி திருப்பி அனுப்பிவிடுவான். மாடிக்கு ஏறிய பிறகுதான் சரக்கு நல்ல விலைக்குப் போனது. மாடி போனால் ஒன்பது வீட்டில் உலை கொதிக்காது.

“யார்யா இத்த முடிவு பண்ணது?” என்று அம்மா கேட்டாள்.

“யாரும் இல்லம்மா. கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தாங்க. இந்த மாடிதான் வந்துச்சு.”

“அந்தக் கம்ப்யூட்டர்ல எங்க கருவாடு கீதா?”

அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை, நிஜமாகவே விளக்கினார். “தட்டையாக் கெடக்கறதெல்லாம் அதுல வராதும்மா. அலைக்குக் குறுக்க ஒசரமா நின்னாதான் அதுக்குக் கண்ணு தெரியும்.”

அம்மாவுக்கு அது கோபம் தந்தது. எனக்கு யோசனை தந்தது.

அன்றைக்கே ஆப்பைத் திறந்தேன். ஏழாம் பிளாக் மாடி. வகை: தண்ணீர் டேங்க். கொள்ளளவு: பத்தாயிரம் லிட்டர். அலை போகிற பாதையின் நட்டநடுவில் வைத்து அழுத்தினேன். மறுநாளே நிழல் நகரம் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. மையக் கம்பம், மூடிக் கிடக்கும் ஐஸ் பேக்டரியின் புகைபோக்கிக்குப் போய்விட்டது. அங்கே ஒரு காக்கா கூடக் குடியில்லை. நான் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் குதித்துக்கொண்டு போனேன்.

குதித்தது ஒரு வாரம். முந்தாநாள் மாலை செய்தி வந்தது: “புதிதாகச் சேர்க்கப்பட்ட டேங்க்கை அளக்க நாளை காலை பதினோரு மணிக்குப் பொறியாளர் வருகிறார். உதவவும்.”

அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா கையிலிருந்த கூடையை இறக்கி வைத்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

“டில்லிண்ணே! காலீல எதுனா வேல கீதா?”

டில்லி மாமா கல்யாணப் பந்தல் போடுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “போன மாசம் வரவேற்புக்கு அரண்மனையே கட்டிக் குட்த்தேன். டேங்க் இன்னாம்மா, பிஸ்கோத்து!” விடிவதற்குள் மூங்கில் வளைத்து, தார்ப்பாய் இழுத்து, குழாய் வைத்து, மூடி வைத்து முடித்துவிட்டார். மேலே வெள்ளை பெயின்ட்டில் ‘நீரைச் சேமிப்பீர்’ என்றும் எழுதிவிட்டார். அதைத்தான் எங்களால் தடுக்க முடியவில்லை.

இன்ஜினியர் பெயர் யமுனா. கோயம்புத்தூர்ப் பக்கம். முப்பது வயது இருக்கும். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு எட்டாம் பிளாக்கின் நான்கு மாடியையும் ஏறினார். நான் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“இதெல்லாம் எதுக்கு மேடம்? கேபிள் போட்டுட்டா பிரச்சனையே இல்லல்ல?” என்று கேட்டேன். பேச்சுக் கொடுத்தால் டேங்க்கை உற்றுப் பார்க்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

“நூறு பெட்டிக்கு நூறு கேபிளா? உங்க தெருவத் தோண்டினா நீங்க சும்மா விடுவீங்களா?” துறைமுகம் பக்கம் கையைக் காட்டினார். “அங்க பாரு. போட்டிலிருந்து மீன் கூடைய எப்படி எறக்கறாங்க? ஒருத்தர் கை மாத்தி ஒருத்தர். அதே வேலைதான் இது. உன் வீட்டுப் பெட்டி கம்பத்துக்குக் கொடுக்கும், கம்பம் அடுத்த கம்பத்துக்குக் கொடுக்கும். கடைசில ஒரு எடத்துல மட்டும் கேபிள். ஆனா வாங்கறவன் முகம் குடுக்கறவனுக்குத் தெரியோணும். நடுவுல எதாவது நின்னா கூடை கீழ விழுந்துரும்.”

“அதான் டேங்க் நிக்குதே மேடம்.”

“நிக்கறது முக்கியமில்ல கண்ணு. உள்ள என்ன இருக்குதுங்கறதுதான் முக்கியம். பிளாஸ்டிக், துணி, தார்ப்பாய் இதெல்லாம் அலைக்குக் கண்ணாடி மாதிரி, பூந்து போயிரும். தண்ணிதான் நிறுத்தும். தண்ணி, ஈர இலை, மனுஷ ஒடம்பு. இந்த மூணும்தான் எங்க எதிரி. டேங்க் நிறைய இருக்குதில்ல?”

என் வயிற்றில் ஒரு கூடை கீழே விழுந்தது.

“ரொம்பி வழியுது மேடம்,” என்றேன். “வால்வு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்.”

நான்கு மாடி இறங்கி, நான்கு மாடி ஏறினேன். கருவாடு திருப்பிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். டேங்க்குக்கு அடிப்பக்கமே இல்லை, அதில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட நிற்காது. தண்ணீர் லாரி வருவது நாளைக்குத்தான். எனக்கு மூச்சு வாங்கியது. “தண்ணி வேணும்... இல்லன்னா ஒடம்பு வேணும்.”

மற்றவர்கள் முழிப்பதற்குள் பாக்கியம் அக்கா தார்ப்பாயைத் தூக்கிவிட்டாள். “அட, உள்ள பூந்து நின்னா போதுமா? அவ்ளோதானே? வாங்க!”

“நா ரெண்டு ஆளுக்குச் சமம்,” என்று வனஜா அத்தை முதலில் நுழைந்தாள். அனுசுயா அக்கா அன்றைக்கு வேலைக்கு லீவு. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். கையில் காய்ந்துகொண்டிருந்த மருதாணியோடு அவளையும் அம்மா இழுத்துக்கொண்டு வந்தாள். டில்லி மாமா கடைசியாக வந்து கயிற்றைக் கட்டினார். தோளோடு தோள், முதுகோடு முதுகு.

இருபது நிமிடம். அத்தை மூன்று முறை தும்மினாள். மற்றபடி நாங்கள் நல்ல தண்ணீராக நடந்துகொண்டோம்.

அளவை முடிந்ததும் யமுனா மேடம் எங்கள் வீட்டுக்கே வந்து நெத்திலி வறுவல் சாப்பிட்டார். எங்கள் ஆறு பேர் சட்டையும் புடவையும் வியர்வையில் நனைந்திருப்பதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. “டேங்க் பிரமாதமா மறைக்குதுங்க,” என்று மட்டும் சொன்னார். அவர் வேன் கிளம்பியதும் பிளாக் முழுக்கக் கூச்சல். டில்லி மாமாவைத் தூக்கிச் சுற்றினார்கள். அடுத்த தேர்தலில் டேங்க் சின்னத்தில் நிற்கப்போவதாக அவர் அறிவித்தார்.

இரவு ஒன்பது மணிக்கு மேடம் போன் செய்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினேன்.

“கண்ணு, தண்ணி அசையாம நிக்கும். உங்க டேங்க் மூச்சு விடுது.”

நான் எழுந்து போய் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

“இது புது மெஷின். பாதைல மனுஷங்க வந்தா செவுத்துக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரிஞ்சு வழிய மாத்தோணும். அதுக்காக ரொம்ப நுணுக்கமா கேக்கும். நெஞ்சு துடிக்கறதக்கூட. ஏழு பேரு நின்னீங்களா?”

“ஆறு பேர் மேடம்,” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். “அஞ்சு வருஷமா நிழல் நகரத்துல வேலை பாக்கறேன். அதோட முடிவுக்குக் குறுக்க யாராவது நிப்பாங்களான்னு ஆபீஸ்ல பேசிக்குவோம். நிஜமாவே நின்னுட்டீங்களே! அந்தப் புகைபோக்கிக்குப் போனா கூடை ரெண்டு கை அதிகமா மாறும், அவ்வளவுதான். கம்பெனி முழுகிறாது. நான் சொல்ல மாட்டேன்.”

உயிர் வந்தது. “தேங்க்ஸ் மேடம்! தேங்க்ஸ்!”

“இரு கண்ணு. இங்க ஏழு துடிப்பு இருக்குது. ஆறு எழுவதுக்கும் நூத்திப்பத்துக்கும் நடுவுல. ஒண்ணு மட்டும் நூத்தி நாப்பத்தெட்டு.”

“பூனையா இருக்கும் மேடம். கருவாட்டுக்கு வரும்.”

“பூனை இடுப்பு ஒசரத்துல நின்னுட்டிருக்குமா?”

எனக்குப் புரிய ஐந்து நொடி ஆனது. எங்களில் ஒருத்தியின் வயிற்றுக்குள் ஒரு குழந்தை.

“யாருன்னு தெரியுமா மேடம்?”

“பார்த்தா தெரியும். நான் பாக்கல. பாக்கறதுக்கு நான் யாரு?” மேடம் குரல் தணிந்தது. “பிரச்சனை அதுதான். இந்த அளவைய நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குள்ள நிழல் நகரத்துல ஏத்துனா டேங்க் உறுதியாயிரும், மாடி உங்களுக்கு. ஆனா முழுசா ஏத்தோணும், துண்டு பண்ணினா சீல் உடைஞ்சிரும். எங்க ஆளுங்க பாக்கறது தண்ணி இருக்குதா இல்லையான்னு ஒரு நம்பர் மட்டும்தான். ஆனா அந்த ஊருக்குள்ள போனது எதுவும் அழியாது. ஆறு பேர் மடிலயும் போன் இருந்துச்சில்ல? எந்தத் துடிப்பு எந்தப் போனுக்குப் பக்கத்துலன்னு கொஞ்ச நாள்ல அதுவே சேர்த்துக்கும். அப்புறம் அந்தப் போன்ல தொட்டில் விளம்பரம் வரும், மருந்துக்கடைச் செய்தி வரும். அந்தப் பொண்ணு வீட்ல சொல்றதுக்கு முன்னாடி போன் சொல்லிரும். சில சமயம் அந்தப் பொண்ணுக்கே முன்னாடி.”

“அழிச்சிட்டா?”

“அளவையே இல்லன்னு ஆயிரும். டேங்க் செல்லாது. திங்கக்கெழமை பூட்டு.”

“நாளைக்குத் திரும்ப வாங்க மேடம்! எல்லாம் ஆம்பளைங்களா நிறுத்தறோம்! டில்லி மாமா மாதிரி ஆறு பேர்!”

“ஒரு எடத்துக்கு ஒரு தடவைதான் கண்ணு. வேன் எண்ணூர் போயிருச்சு. மாடியும் உங்களது, துடிப்பும் உங்களது. நான் முடிவு பண்ணக் கூடாது. ஏத்தவா, அழிக்கவா? அத மட்டும் சொல்லு.”

அப்போதிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். டேங்க்குக்குள் ஐந்து பெண்கள். வனஜா அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயது, அந்தக் கதையெல்லாம் முடிந்தது என்று அவளே பெருமையாகச் சொல்வாள். நான் இல்லை. சத்தியமாக நான் இல்லை. மிச்சம் மூன்று பேர்.

பாக்கியம் அக்காவாக இருந்தால்? கல்யாணமாகி ஒன்பது வருடம். ஆஸ்பத்திரி, கோயில், தர்கா எல்லாம் ஏறி இறங்கி, போன வருடம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். அவள் முன்னால் இப்போது யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அவளாக இருந்தால் நானே தேர் இழுப்பேன். ஆனால் அதை ஒரு தொட்டில் விளம்பரமா அவளுக்குச் சொல்ல வேண்டும்?

அம்மாவாக இருந்தால்? அம்மாவுக்கு நாற்பத்திரண்டு. அப்பா கடலுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. மூத்த பெண் கல்யாணத்தில் அம்மா வயிற்றோடு நின்றால் பிளாக் ஒரு வருடத்துக்குச் சிரிக்கும். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது எனக்கு எப்படித் தெரியும்?

அக்காவாக இருந்தால்? ஆவணிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவள் போனை மாப்பிள்ளையின் தங்கைகள் வாங்கி வாங்கிப் பார்ப்பார்கள். அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

அம்மா பக்கத்தில் படுத்துத் தூக்கத்திலும் சிரிக்கிறாள். ‘வால்வு’ என்று ஒருமுறை முனகினாள். அக்கா மருதாணிக் கையைத் தலையணைக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்குகிறாள். எதிர்வீட்டில் பாக்கியம் அக்கா இன்னும் தூங்கவில்லை, டில்லி மாமா தேர்தல் பிரசாரம் செய்வதைப் போலப் புருஷனுக்கு நடித்துக் காட்டுகிறாள். அவர் சிரிப்பது இங்கே கேட்கிறது.

மாடி ஒன்பது வீட்டுச் சோறு. அதை விட்டுக்கொடுக்க நான் யார்? அந்த ஏழாவது துடிப்பு ஒருத்தியுடையது. அதை அந்த நிழல் நகரத்துக்குள் அனுப்ப நான் யார்? அவளிடமே கேட்டுவிடலாம், அவள் சொன்னபடி செய்துவிடலாம். ஆனால் மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பேருக்கும் தெரிந்துவிடும், ஒருத்திக்குத்தான் தெரிய வேண்டும், அந்த ஒருத்திக்கே அது இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

சொல்லுங்கள். நான் இப்போது யாரை எழுப்புவது?